கயிறு இல்லாத பக்கம்

பஸ் ஸ்டாண்டுல எங்க வீட்டுக்காரர் கையில ஒரு பேப்பரோட நின்னுட்டிருந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. கல்யாணத்தன்னிக்குக்கூட மனுஷன் இவ்வளவு சுத்தமா இல்ல. பேப்பரை வாங்கிப் பார்த்தேன். ஏழு இடத்தோட பேர், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல மணி. காலையில ஏழரைக்கு ஆரம்பிச்சு சாயந்திரம் அஞ்சுக்கு முடியுது. நடுவுல மூணு இடத்துல "டீ"ன்னு எழுதி அடிக்கோடு வேற போட்டிருக்காரு.

"என்ன இது, ஆபரேஷன் லிஸ்ட்டா?"ன்னேன்.

"தலைநகரத்தை ஒரே நாள்ல பார்க்கணும்னா சும்மாவா? போய் முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு வா."

நான் ஊர் பார்க்க மட்டும் வரல. அது அவருக்கும் தெரியும். நான் எங்க ஊர் ஆஸ்பத்திரியில பதினோரு வருஷமா அவசர சிகிச்சை வார்டு நர்ஸ். அவர் மூணு வருஷமா இங்க, உயரமான கட்டிடங்களுக்கு வெளிக்கண்ணாடி துடைக்கிற கம்பெனியில. மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு, ரெண்டு நாள் இருப்பாரு, துவைச்சுப் போட்ட துணி காயறதுக்குள்ள கிளம்பிடுவாரு. கல்யாணமாகி ஆறு வருஷம், அதுல பாதி இப்படியே போச்சு. போன வாரம் எனக்கு இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறுதல் வந்திருக்கு. சேர்றேனா இல்லையான்னு இன்னிக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குள்ள எங்க மேட்ரனுக்குச் சொல்லணும். வேண்டாம்னு சொன்னா அடுத்த மூணு வருஷத்துக்கு என் பேரையே எடுக்க மாட்டாங்க. ஊரைப் பார்த்துட்டு சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன்.

ஊர் மட்டுமில்ல, இன்னொண்ணும் இருக்கு. அவர் இந்த வேலைக்குக் கிளம்பினப்பவே நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். கால் தரையில இருக்கணும். வாளி அனுப்புங்க, கயிறு சுத்துங்க, கீழ யாரும் வராம தடுப்பு வைங்க, என்னவோ பண்ணுங்க. கயித்துல தொங்கற வேலை மட்டும் கூடவே கூடாது. ஏன்னா மேலேருந்து விழுந்தவங்க முதல்ல வந்து சேர்றது என் வார்டுக்குத்தான். அவங்க பொண்டாட்டிங்க வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்களே, அந்த உட்காரலை நான் பார்த்திருக்கேன். அந்த பெஞ்சுல என்னால உட்கார முடியாதுன்னு சொன்னேன். என் தலையில கையை வெச்சு சத்தியம் பண்ணிட்டுத்தான் போனாரு.

முதல் இடம் சட்டசபைக் கட்டிடம். ஒரு சந்துல திரும்பி, அடுத்த சந்துல நுழைஞ்சு, ஒரு இரும்பு கேட்டு முன்னாடி கொண்டு போய் நிறுத்தினாரு. உள்ள ரெண்டு ஜெனரேட்டர், ஒரு குப்பை வண்டி, சுவர் முழுக்க ஏசி பெட்டி. ஒவ்வொண்ணுலேருந்தும் தண்ணி சொட்டுது. காவலாளி இவரைப் பார்த்ததும் எழுந்து, "இன்னிக்கு லீவுன்னாங்க?"ன்னாரு.

இவர் என் பக்கம் திரும்பி, "எப்படி?"ன்னு பெருமையா கேட்டாரு.

"எது எப்படி? ஏசியா?"

அப்பத்தான் அவருக்கே உறைச்சது. மூணு வருஷத்துல இந்தக் கட்டிடத்துக்கு இருபது தடவையாவது வந்திருக்காரு. சாமான் இறக்கறது பின்வாசல்ல, டீ குடிக்கிறது பின்வாசல்ல, கையெழுத்துப் போடறது பின்வாசல்ல. முன்வாசல் எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது. காவலாளிகிட்ட வழி கேட்டுக்கிட்டு சுத்திப் போனோம். வழி முழுக்க நான் விடல. "நம்ம வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் கொல்லைப் பக்கமா நுழைவீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே நடந்தேன்.

முன்னாடி போய் நின்னதும் கிண்டல் பண்றதையே மறந்துட்டேன். தெருவுலேருந்தே படி ஆரம்பிச்சுடுது. எண்ணிக்கிட்டே ஏறினேன், ஐம்பத்தெட்டு. எல்லாம் வெள்ளைக் கல்லு. கீழேருந்து பார்த்தப்ப பத்து தூண்தான் தெரிஞ்சது, மேல போய் நின்னா அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு வரிசை. ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க நானும் அவரும் கையைக் கோர்த்தும் பத்தல. உள்ள ஒரு அம்மா எங்களைப் பார்வையாளர் மாடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கீழ அரைவட்டமா நாற்காலி. கூரைக்கு நட்டநடுவுல பெரிய வட்டக் கண்ணாடி, அது வழியா காலை வெளிச்சம் நேரா அந்தக் காலி நாற்காலிங்க மேல விழுது. டிவியில சண்டை போடறப்ப மட்டும் பார்த்த இடம். இவ்வளவு அழகா, இவ்வளவு அமைதியா இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல.

"இங்க நாலு நாள் உட்கார்ந்தா எனக்கே நல்ல புத்தி வந்துடும்"னேன்.

"அந்தக் கூரைக் கண்ணாடி ஓரத்துல மூணு புறாக்கூடு இருக்கு. ஒண்ணுல குஞ்சு பொரிச்சிருக்கு"ன்னாரு அவர்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"நெட்டையர் சொன்னாரு."

நெட்டையர் இவரோட வேலை செய்யறவர். கயித்துல இறங்கற ஆள். நான் பார்த்ததில்ல, ஆனா ஊருக்கு வர்றப்பெல்லாம் இவர் அவரைப் பத்தித்தான் பேசுவாரு.

ரெண்டாவது அருங்காட்சியகம். அதுக்கும் பின்வாசல்தான். இந்தத் தடவை நானே அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து முன்பக்கம் கூட்டிட்டுப் போனேன். நடுக்கூடத்துல ஒரு திமிங்கலத்தோட எலும்புக்கூடு, கூரையிலேருந்து கம்பியில தொங்குது. தாடை எலும்பே எங்க ஆம்புலன்ஸ் நீளம் இருக்கும். நான் அது கீழயே முக்கால் மணி நேரம் நின்னேன். துடுப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது துடுப்பே இல்ல. உள்ள மணிக்கட்டு இருக்கு, அஞ்சு விரல் இருக்கு, ஒவ்வொரு விரல்லயும் கணு கணுவா எலும்பு. கட்டுப் போடறப்ப நான் தொட்டுப் பார்க்கிற அதே எலும்புங்க. கடல்ல நீந்தற ஒண்ணு, உள்ளுக்குள்ள கையை ஒளிச்சு வெச்சிருக்கு. எனக்கு ஏனோ கண்ணு கலங்கிடுச்சு.

"இன்னும் கொஞ்சம் விட்டா இதுக்கு ட்ரிப் ஏத்திடுவ. வா, லைப்ரரிக்கு நேரமாச்சு"ன்னாரு.

வழியெல்லாம் பார்த்துக்கிட்டே போனேன். சாலை ரெண்டு பக்கமும் மரம் மேல சேர்ந்து கூரை போட்டிருக்கு. அதுக்கு அடியில ஒரு பொண்ணு பெரிய பஸ்ஸை ஒத்தைக் கையில வளைச்சுத் திருப்புது, ஒருத்தரும் அதிசயமா பார்க்கல. நான் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பெரிய ஊருன்னா மூச்சு முட்டும்னு பயந்துக்கிட்டு வந்தவ நான். இங்க ஒவ்வொரு தெருமுனையிலயும் உட்கார ஒரு பெஞ்சு போட்டு வெச்சிருக்காங்க. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு, கால் வலிக்கும்னு நினைச்சுப் பார்த்துக் கட்டின ஊரு. அது எனக்குப் பிடிச்சுப் போச்சு.

லைப்ரரி ஏழு மாடி. சுவரே இல்ல, எல்லாம் கண்ணாடி. உள்ள நுழைஞ்சா நடுவுல வெட்டவெளி, அதைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு மேல போற படி, படியோரமெல்லாம் புத்தகம். ஆயிரம் பேர் இருப்பாங்க, ஒரு சத்தம் இல்ல. எங்க வார்டுல ஒரு நிமிஷம் இப்படி இருந்தா யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

"நாலாவது மாடிக்கு வா, ஒண்ணு காட்டறேன்"ன்னு கிசுகிசுத்தாரு. "ஜன்னலோரம் ஒரு பெரியவர் இருப்பாரு. தினமும் அகராதி படிப்பாரு. கதைப் புத்தகம் மாதிரி, முதல் பக்கத்துலேருந்து. அப்பப்ப சிரிப்பாரு."

போனோம். இருந்தாரு. மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, தலகாணி மாதிரி ஒரு அகராதியை மடியில வெச்சுக்கிட்டு, எதையோ படிச்சுத் தோள் குலுங்கச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் என்னை விட்டுட்டு இவரையே உத்துப் பார்த்தாரு. எங்கேயோ பார்த்த மூஞ்சின்னு புருவத்தைச் சுருக்கினாரு. இவர் சட்டுனு ஒரு அலமாரிக்குப் பின்னாடி போயிட்டாரு.

"இதுவும் நெட்டையர் சொன்னதா?"

"ஆமா."

"நெட்டையருக்குக் கண்ணாடி துடைக்க நேரம் இருக்கா, இல்ல வேடிக்கை பார்க்கிறதே வேலையா?"

அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டல. ஊரோட அழகுல மயங்கிக் கிடந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆத்துப் பாலத்துல நின்னோம். காத்து ஜில்லுனு வந்தது. கீழ ரெண்டு பேர் ஒரே தாளத்துல துடுப்புப் போட்டுக்கிட்டு போனாங்க. எதிர்க்கரையில என் ஆஸ்பத்திரி தெரிஞ்சது. 'என்'னு அதுக்குள்ள மனசு சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. இவர் ஓரக்கண்ணால என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாரு. காலையிலேருந்து அப்படித்தான், ஒவ்வொரு இடத்துலயும் கட்டிடத்தைப் பார்க்காம என்னைத்தான் பார்த்தாரு. பரீட்சை எழுதிட்டு வாத்தியார் பேனாவையே பார்க்கிற பையன் மாதிரி.

"மேட்ரனுக்கு இப்பவே சொல்லிடட்டுமா?"ன்னேன். "வரேன்னு?"

சந்தோஷத்துல குதிப்பாருன்னு பார்த்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "கோபுரத்தையும் பார்த்துட்டு சொல்லேன்"ன்னாரு.

கோபுரம்தான் லிஸ்ட்டுல கடைசி. நாப்பத்தியொரு மாடி, உச்சியில வட்டமா கண்ணாடிக் கூடம். லிஃப்ட் ஏறி நிமிர்றதுக்குள்ள காது அடைச்சுது, கதவு திறந்துடுச்சு. அடேயப்பா. ஊர் மொத்தமும் காலடியில கிடக்குது. காலையில நான் எண்ணி ஏறின படி, மேலேருந்து பார்த்தா சீப்புப் பல்லு மாதிரி. ஆறு இவ்வளவு வளைஞ்சு போகுதுன்னு பாலத்துல நின்னப்பத் தெரியவே இல்ல. பஸ், ரயில், வீட்டுக் கூரை, கூரையில காயற துணி, எல்லாம் வெயில்ல கழுவி விட்ட மாதிரி இருந்தது. இந்த ஊர்ல நான் இருக்கப்போறேன்னு நினைச்சு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கண்ணாடியில நெத்தியை வெச்சுக்கிட்டு நின்னேன்.

திரும்பிப் பார்த்தா இவர் லிஃப்ட் பக்கத்துலயே நிக்கிறாரு. மூஞ்சி வெளுத்திருக்கு. ஒரு கை சுவரைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கை இடுப்புல எதையோ தேடுது. பெல்ட்டை இழுத்துப் பார்க்குது, விடுது, திரும்பவும் தேடுது.

"என்னங்க, கீழயே நின்னு பழகினவருக்குத் தலை சுத்துதா? வாங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"நீ பாரு, நான் இங்க இருக்கேன்"ன்னாரு.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியில ரெண்டு ஜோடி பூட்ஸ் இறங்குச்சு. அப்புறம் முழங்கால், அப்புறம் வாளி. கடைசியா ரெண்டு ஆளு, கயித்துல. ஒருத்தர் காலே என் உயரம் இருக்கும். யாரும் சொல்ல வேண்டியதில்ல, நெட்டையர்தான். சோப்புத் தண்ணியைப் பூசி, ரப்பர்ப் பட்டையால ஒரே இழுப்பு. கண்ணாடி காணாமலே போன மாதிரி ஆயிடுச்சு. அந்த வழியா என்னைத் தாண்டி இவரைப் பார்த்துட்டாரு. மூஞ்சியெல்லாம் பல்லு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்காது. ஆனா மூக்குல வாயில குழாய் போட்டுப் பேச முடியாம கிடக்கிறவங்க கை ஜாடையைப் படிச்சே நான் பதினோரு வருஷம் ஓட்டியிருக்கேன். நெட்டையர் என்னைக் காட்டி, அண்ணியான்னு கேட்டாரு. பெரிசா ஒரு சலாம் வெச்சாரு. அப்புறம் இவரைக் காட்டி, தன் கயித்தைக் காட்டி, கையை விரிச்சாரு. உன் கயிறு எங்கேன்னு அர்த்தம். அப்புறம் நாளைக்கு இந்தப் பக்கம் உனக்குன்னு காட்டினாரு, மேலேருந்து கீழ வரைக்கும். பக்கத்துல தொங்கினவர் கையும் காலும் விரிச்சுக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, இவரைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாரு. பல்லி.

என் பின்னாடி இவர் என்ன பண்றாருன்னு அந்தத் துடைச்ச கண்ணாடியிலயே நிழலாத் தெரிஞ்சுது. ரெண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சறாரு.

எனக்கு உள்ளங்கால்லேருந்து சூடு ஏறுச்சு. திரும்பினேன்.

"நாளைக்கு இந்தப் பக்கம் யாருக்குங்க?"

அவர் கை திரும்பவும் பெல்ட்டுக்குப் போச்சு.

"உங்களுக்கு அங்க என்ன பேரு, பல்லியா?"

"அவங்க இன்னிக்கு மேற்குப் பக்கம் இருக்கணும்"னு முணுமுணுத்தாரு. "லிஃப்ட் திறக்கிறது கிழக்குல. பார்த்துத்தான் கூட்டிட்டு வந்தேன். மத்தியானம் காத்து திரும்பியிருக்கு, அதான் பக்கம் மாத்திட்டாங்க. உள்ள நின்னா காத்து தெரியல."

தினமும் காலையில முதல் வேலையா காத்து எந்தப் பக்கம்னு பார்க்கிற ஆளு. பாலத்துல என்னோட அந்தக் காத்தை வாங்கிக்கிட்டு நின்ன ஆளு. ஆனா தலைக்கு மேல கூரை வந்ததும் காத்துன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்து போச்சு. பொய்யை ஒழுங்கா மறைக்கக்கூடத் தெரியல.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"தொடையில காய்ப்பு காய்ச்சிருக்கேன்னு கேட்டதுக்கு பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து வந்ததுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

நர்ஸாம் நர்ஸு. நானும் அதை நம்பி எண்ணெய் தேய்ச்சு விட்டேன்.

"யாரு கட்டாயப்படுத்தினா?"

"யாரும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

வேற வழியில்லாம செஞ்சேன்னு சொல்லியிருந்தா, வாய் வலிக்கத் திட்டிட்டு விட்டிருப்பேன். பிடிச்சிருக்குன்னு சொல்ற மனுஷனை என்ன பண்றது? ஆத்திரத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. சுத்தி ஊரெல்லாம் மின்னிக்கிட்டிருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல.

அவர் மறுபடி சுவரைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா பேசினாரு. "ஒருத்தர் வரலன்னு ஒரு நாள் ஏறினேன். கீழ நின்னா நாள் பூரா கழுத்து ஒடிய அடுத்தவன் செருப்பைத்தான் பார்க்கணும். மேல அப்படி இல்ல. வெயில் முதல்ல என் மேலதான் படும். புறாக்குஞ்சு நேத்து கண்ணு திறந்துச்சு, அதைப் பார்த்த ஒரே ஆளு நான்தான். அந்த அகராதிப் பெரியவர், நான் அங்க இறங்கற நாளெல்லாம் எனக்குக் கை காட்டுவாரு. ரெண்டு வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல நான் யாருமில்ல. கயித்துல ஏறினப்புறம்தான் ஊரு எனக்குப் பழக்கமாச்சு. உனக்குக் காட்டணும்னு இருந்துச்சு, எப்படிக் காட்டறது? சொன்னா விட மாட்ட. இங்க கூட்டிட்டு வந்து சொல்லிடணும்னுதான் நினைச்சேன்."

நம்பறதா வேண்டாமான்னு தெரியல. "சொல்ல வந்த ஆளு எதுக்கு நடுங்கறீங்க?"

"பயமா இருக்கு. இங்க கயிறு இல்லையே"ன்னாரு.

சத்தியமா சிரிக்கிற நேரமில்ல அது. லிஃப்ட்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். கீழ போய் மேட்ரனைக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிட்டு, கிடைக்கிற பஸ்ஸுல ஏறிடறதுன்னு இருந்தேன். போனைக் கையில எடுத்துட்டேன்.

கீழ வந்து வெளியில நின்னதும் அவர் சொன்னாரு: "விட்டுடறேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு தரைக்கு வந்துடறேன். நெஜமா."

நெஜமாத்தான் சொல்றாருன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. ஒரு வார்த்தைதான். என் வாய்க்குள்ள ரெடியா இருந்தது. மேல பார்த்தேன். அந்த ரெண்டு பேரும் இறங்கிக்கிட்டிருந்தாங்க. காலை லேசா உதைச்சு, காத்துல விலகி, திரும்பி வந்து கண்ணாடியில பஞ்சு மாதிரி ஒட்டறாங்க. ஒரு இழுப்பு, ஒரு உதை, அடுத்த மாடி. அவங்க தாண்டின இடமெல்லாம் வானம் கட்டிடத்துல இறங்கிடுது. என்னால கண்ணை எடுக்க முடியல. அவ்வளவு அழகு. பக்கத்துல பார்த்தா இவரும் அண்ணாந்து நிக்கிறாரு. அவர் வலது கை தன்னால மேலயும் கீழயும் போய் வருது, அவருக்கே தெரியல. இந்தக் கையை நான் தரையில கட்டிப்போடணும். அந்த வார்த்தையை முழுங்கிட்டு போனைப் பையில போட்டேன்.

"உங்க மேஸ்திரி எங்கே?"ன்னேன்.

மறுபடி பின்வாசல். காத்து அதிகமாயிடுச்சுன்னு வேலையை நிறுத்தி, எல்லாரும் ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல கயிறு சுத்திக்கிட்டிருந்தாங்க. மேஸ்திரி நரைச்ச மீசைக்காரர். "வாம்மா, உட்காரும்மா"ன்னு ஒரு வாளியைக் கவுத்துப் போட்டாரு. நெட்டையர் நேர்ல இன்னும் நெட்டை. தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சு, இருக்கிற உயரத்தைச் சுருக்கிக்கிட்டு நின்னாரு.

நான் உட்காரல. "அண்ணே, மேல தொங்கறப்ப ஒருத்தர் மயங்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"கயிறு அறுந்து போகாதும்மா. ரெண்டு கயிறு இருக்கு. ஒண்ணு போனாலும்..."

"கயித்தைக் கேட்கல. ஆளைக் கேட்கிறேன். வெயில்ல மயக்கம் போட்டுத் தொங்கறாரு. எத்தனை நிமிஷத்துல தரைக்குக் கொண்டு வருவீங்க?"

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "ஏணி வண்டிக்குப் போன் பண்ணுவோம்"னாரு நெட்டையர்.

"போன வருஷம் என் வார்டுக்கு ஒரு பெயிண்டர் வந்தாரு"ன்னேன். "விழல. கயிறும் அறுந்து போகல. மயங்கி பெல்ட்டுல தொங்கியிருக்காரு. பத்திரமாத்தானே இருக்காருன்னு எல்லாரும் ஏணி வண்டிக்காகக் காத்திருந்திருக்காங்க. அசையாம தொங்கினா ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிடும் அண்ணே. உடம்புல ஒரு கீறல் இல்ல. கொண்டு வந்தப்ப முடிஞ்சு போச்சு. என் கணக்கு அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல நான் ஒத்துக்க மாட்டேன்."

ஜெனரேட்டர் ரூம் மூணு ஆள் உயரம். காலையில கருவிங்களைச் சோதிக்க அதுலேருந்துதான் ஒரு தடவை தொங்கிப் பார்ப்பாங்களாம். "இவரை அங்க தொங்க விடுங்க"ன்னேன். "மயங்கின மாதிரி. நீங்க இறக்கிக் காட்டுங்க."

தொங்க விட்டாங்க. இவர் கழுத்தைச் சாய்ச்சு, கையைத் தளர்த்தி, நல்லாவே மயங்கினாரு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நெட்டையர் இன்னொரு கயித்துல இறங்கி, இவரைத் தன் இடுப்போட மாட்டி, இவர் கொக்கியைக் கழட்டணும். இவரோட எடை கயித்தை இழுத்துப் பிடிச்சிருக்கு, கொக்கி வரல. மேலேருந்து ஒருத்தர் தூக்கு தூக்குன்னு கத்தறாரு. தரையில படுக்க வெச்சப்ப பதினோரு நிமிஷம்.

"செத்துட்டாரு"ன்னேன். "மறுபடி ஏத்துங்க."

ரெண்டாவது தடவை எட்டு நிமிஷம். "செத்துட்டாரு."

மேஸ்திரிக்குக் கோபம் வந்துடுச்சு. "ஏம்மா, கட்டினவனைப் பார்த்து அந்த வார்த்தையைத்தான் சொல்லணுமா? வேற வார்த்தையே கிடைக்கலையா?"

"கிடைக்காது அண்ணே. பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட வந்து இதைச் சொல்றது என் வேலை. நானே பெஞ்சுல உட்கார்ந்தா எனக்கு வந்து சொல்லப் போறது யாரு?"

அவர் மீசையைத் தடவிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்புறம் அவரே மேல ஏறி, கயித்தைக் கையில எடுத்தாரு.

மூணாவது தடவை ஆறரை. இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டினேன். நாலாவது தடவைக்கு நான் சொல்லவே இல்ல. அவங்களே ஏத்தினாங்க. ஒருத்தரும் கத்தல. மேஸ்திரி மேலேருந்து ஒரு சின்னக் கப்பியைப் போட்டு எடையைத் தாங்கினாரு, நெட்டையர் இறங்கின வேகத்துலயே மாட்டினாரு, கொக்கி பட்டுனு கழண்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே உடம்பா இறங்கி வந்தாங்க. தரையில சாய்ச்சப்ப நாலு நிமிஷம் பத்து செகண்ட்.

முட்டி போட்டு உட்கார்ந்து இவர் மணிக்கட்டைப் பிடிச்சேன். நாடி குதிச்சுக்கிட்டு ஓடுது. எண்ண ஆரம்பிச்சேன், கண்ணு மறைச்சுது, எண்ணிக்கை விட்டுப் போச்சு. கையை மட்டும் விடல.

"அண்ணி, பிழைச்சுட்டாரா?"ன்னு நெட்டையர் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாரு.

"பிழைச்சுட்டாரு"ன்னேன்.

போன் அடிச்சுது. மேட்ரன். மணி ஆறாக அஞ்சு நிமிஷம். "என்னம்மா முடிவு பண்ணின, ஊரு பிடிச்சுதா இல்லையா?"ன்னாங்க.

"பிடிச்சுது மேடம். வரேன்னு போட்டுடுங்க."

"சரி, குவார்ட்டர்ஸுக்கும் சேர்த்து எழுதிடறேன். வீட்டுக்காரர் என்ன வேலைன்னு ஒரு கட்டம் இருக்கு. கீழ நின்னு மேற்பார்வைன்னு முன்னாடி சொல்லியிருக்க. அதையே போடட்டுமா?"

"இல்ல மேடம். கயித்துல தொங்கிக் கண்ணாடி துடைக்கிறாரு. நாப்பத்தியொரு மாடி. அப்படியே எழுதுங்க"ன்னேன்.

இவர் படக்குனு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரு. ஓரமெல்லாம் ஈரம்.

"கண்ணை மூடுங்க"ன்னேன். "நீங்க இன்னும் மயக்கத்துல இருக்கீங்க."